ரிவர்சர் என்பது வெறும் ரிவர்ஸ் கியரா? நீராவி எஞ்சின் வால்வு கியர் பற்றி ஒரு விவாத இழை

2 ஜூன் 2024, காலை 11.20 (வாசகர் கேள்வி)

பெரம்பூர் பக்கம் ரயில் அருங்காட்சியகத்தில் நீராவி எஞ்சின் பார்த்தேன். பெரிய சக்கரங்களை இணைக்கும் தடித்த கம்பி எதற்கு என்று புரிகிறது. அதற்கு மேலே மெலிதாக ஐந்தாறு கம்பிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நிற்கின்றனவே, அவை எதற்கு? அங்கே ஒருவர் 'ரிவர்ஸ் எடுக்க' என்றார். ரிவர்ஸ் எடுக்கக் காரில் ஒரு பல்சக்கரம் போதும். அந்தக் காலத்தில் எளிமையாகச் செய்யத் தெரியாமல் சுற்றி வளைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. டிப்ளமா மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு. தெரிந்தவர்கள் மறுக்கலாம்.

2 ஜூன், மாலை 6.05

மறுக்கிறேன் தம்பி. மீட்டர் கேஜ் ஷெட் ஒன்றில் ஃபிட்டராக இந்தக் கம்பிகளோடுதான் என் இளமை போனது. இப்போது அயனாவரத்தில் இருக்கிறேன்.

முதலில் பல்சக்கரத்தை விடுங்கள். கார் எஞ்சின் ஒரே திசையில்தான் சுற்றும், அதனால் நடுவில் கியர் பெட்டி தேவைப்படுகிறது. நீராவி எஞ்சினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிஸ்டனின் எந்தப் பக்கம் எப்போது நீராவி நுழைகிறதோ, அதைப் பொறுத்து எஞ்சினே இரண்டு திசையிலும் சுற்றும். நுழையும் நேரத்தை முடிவு செய்வது வால்வு. வால்வை ஆட்டுபவை நீங்கள் பார்த்த மெல்லிய கம்பிகள். வால்வு ஆடும் நேரத்தை மாற்றினால் 100 டன் எஞ்சினும் திசை மாறும். கிளட்ச் இல்லை, பல்சக்கரம் இல்லை.

இன்னொன்று. அந்தக் கம்பிகளின் பெரிய வேலை ரிவர்ஸ் எடுப்பதே அல்ல. அதை அப்புறம் எழுதுகிறேன்.

2 ஜூன், இரவு 9.50

சாப்பிட்டுவிட்டு வந்தேன். அடிப்படையிலிருந்து.

சிலிண்டரின் இரண்டு முனைக்கும் ஒவ்வொரு துவாரம், அதாவது போர்ட். அதன் மேல் வால்வு முன்னும் பின்னும் நகர்கிறது. ஒரு பக்கம் நீராவியை விடும்போது மறுபக்கம் வேலை முடிந்த நீராவியைப் புகைபோக்கிக்கு அனுப்புகிறது. வால்வை நகர்த்த அச்சில் ஒரு எக்சென்ட்ரிக் இருக்கும். மையம் தள்ளி மாட்டிய தட்டுதான் அது. அச்சு சுற்ற, அது கம்பியை முன்னும் பின்னும் தள்ளும்.

வால்வு போர்ட்டின் அளவுக்கே சரியாக இருந்தால் எக்சென்ட்ரிக்கைக் கிராங்குக்கு (பிஸ்டனின் தள்ளலைச் சக்கரச் சுழற்சியாக மாற்றும் கை) 90 டிகிரி முன்னால் வைத்தால் போதும். பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனை போகும்வரை நீராவி நுழைந்துகொண்டே இருக்கும். ஓடும், ஆனால் நீராவி வீணாகும். கொதிகலன் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே சிலிண்டருக்குள் நிற்கும்போதே அதை வெளியே விடுகிறோம்.

அதனால் வால்வின் விளிம்பைப் போர்ட்டைவிடக் கொஞ்சம் அகலமாகச் செய்தார்கள். அந்தக் கூடுதல் அகலத்துக்கு லேப் என்று பெயர். லேப் இருந்தால் வால்வு சீக்கிரமே போர்ட்டை மூடிவிடும், உள்ளே அடைபட்ட நீராவி விரிந்து பிஸ்டனைத் தள்ளும். ஆனால் லேப் அளவுக்கு வால்வு முன்கூட்டியே நகர்ந்திருக்க வேண்டும். அதனால் எக்சென்ட்ரிக்கை 90 டிகிரிக்கு மேலும் கொஞ்சம் முன்னே தள்ளி மாட்ட வேண்டும். பிஸ்டன் முனையில் நிற்கும்போதே போர்ட் ஒரு இழை திறந்திருப்பதும் நல்லது. அந்த இழைத் திறப்பு லீட்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. முன்னோக்கு ஓட்டத்துக்கு 'முன்னே' என்று தள்ளி வைத்த எக்சென்ட்ரிக், பின்னோக்கு ஓட்டத்துக்குத் தவறான இடத்தில் நிற்கும். அதற்குக் கிராங்கின் மறுபக்கத்தில், கண்ணாடியில் தெரிகிற மாதிரி எதிர் இடத்தில், இன்னொரு எக்சென்ட்ரிக் வேண்டும்.

3 ஜூன், காலை 7.30

நேற்றைய குறிப்போடு ஒன்று சேர்க்க வேண்டும். லேப் இல்லாத வால்வுக்கு எக்சென்ட்ரிக்கை மாற்றவே வேண்டாம். நீராவி வரும் குழாயையும் போகும் குழாயையும் இடம் மாற்றினால் திசை மாறிவிடும். கப்பல்களின் நீராவி வின்ச்சுகளில் இப்படிச் செய்தார்கள். சிலிண்டரே ஆடுகிற சின்ன பொம்மை எஞ்சின்களிலும் இதே வழிதான். நீராவிச் செலவு பெரிதில்லாத இடத்துக்கு இது போதும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் எஞ்சினுக்குக் கட்டாது.

3 ஜூன், இரவு 10.15

இனி வரலாறு, எனக்குப் பிடித்த பகுதி.

1829-இல் ஓடிய ராக்கெட் எஞ்சினில் எக்சென்ட்ரிக் அச்சில் இறுக்கமாக இல்லை, நழுவும். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதை டிரைவர் மாற்றுவார். அதன் பிறகு வந்த முறை கேப். அகன்ற வாயுள்ள கொக்கி அது. முன்னோக்கு எக்சென்ட்ரிக்கின் கம்பி நுனியில் ஒரு கொக்கி, பின்னோக்குக்கு இன்னொன்று. எது வேண்டுமோ அதை வால்வுக் கம்பியின் முளையில் மாட்ட வேண்டும். ஓடும்போது ஆடிக்கொண்டிருக்கிற முளையில் கொக்கி விழ வேண்டும், விழாவிட்டால் மறுபடியும் முயல வேண்டும். முன்னே அல்லது பின்னே, இரண்டே நிலை. நீங்கள் சொல்கிற ரிவர்ஸ் கியர் இதுதான் தம்பி. இதைத்தான் அவர்கள் தூக்கிப் போட்டார்கள்.

1842-இல் நியூகாசிலில் இருந்த ராபர்ட் ஸ்டீவன்சன் தொழிற்சாலையில் வில்லியம் வில்லியம்ஸ், வில்லியம் ஹோவ் என்று இரண்டு பேர். ஹோவ் மர அச்சு செய்பவர். இரண்டு எக்சென்ட்ரிக் கம்பிகளின் நுனியையும் வளைந்த ஒரே சட்டத்தில் இணைத்துவிடலாம் என்று வந்தது யோசனை. சட்டத்தில் நீளமாக ஒரு பிளவு, பிளவுக்குள் நழுவும் சின்னக் கட்டை. அந்தக் கட்டைதான் வால்வோடு சேர்ந்தது. சட்டத்தை இறக்கினால் ஒரு எக்சென்ட்ரிக் வால்வை ஆட்டும், ஏற்றினால் மற்றது ஆட்டும். கொக்கி தேடும் வேலை முடிந்தது. உலகம் இதை ஸ்டீவன்சன் லிங்க் என்கிறது. யோசித்த இருவரின் பெயரும் அதில் இல்லை என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். சட்டத்தை நடுவழியில் நிறுத்தினால்? கட்டை இரண்டு எக்சென்ட்ரிக்குக்கும் இடையில் நிற்கிறது. வால்வு குறைந்த தூரமே ஆடுகிறது. போர்ட் சீக்கிரம் மூடிக்கொள்கிறது. நீராவி நுழையும் நேரம் சுருங்கி, விரியும் நேரம் நீள்கிறது. திசை மாற்றச் செய்த சட்டம் நீராவியை அளந்து விடும் சாதனமாகவும் ஆனது. சட்டத்தை ஏற்றி இறக்க டிரைவர் பிடிப்பதுதான் ரிவர்சர் கைப்பிடி. அதன் முழு வாழ்க்கையும் இந்த இடைநிலைகளில்தான் இருக்கிறது. திசை மாற்றுவது ஸ்டேஷனிலும் யார்டிலும் நடக்கும் சின்ன வேலை. மீதி நேரமெல்லாம் அந்தக் கைப்பிடி நிலக்கரியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

5 ஜூன், மதியம் 1.10

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று புறப்பட்டது. லிங்க் வந்து அப்போதே 14 ஆண்டு ஆகியிருந்தது. நம் ஊருக்கு ரயில் வரும்போது கொக்கி காலம் கடந்துவிட்டது. 1855-இல் லீட்ஸில் செய்த எக்ஸ்பிரஸ் என்ற எஞ்சினைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் 2010-இல் மறுபடி ஓட வைத்தது. சுதந்திர தினத்தை ஒட்டி எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அது ஓடியதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள்.

8 ஜூன், இரவு 8.40

'நிலக்கரியைக் காப்பாற்றும்' என்றதற்குக் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். கேட்பது நியாயம்.

மீட்டர் கேஜில் பயணிகள் வண்டி இழுத்த ஒய்பி வகை எஞ்சினை எடுப்போம். சிலிண்டர் விட்டம் 15¼ அங்குலம், ஸ்ட்ரோக் 24 அங்குலம். ஒரு ஸ்ட்ரோக்குக்குக் கிட்டத்தட்ட 72 லிட்டர் இடம். இரண்டு சிலிண்டர், இரண்டு பக்கமும் வேலை, ஆக ஒரு சுற்றுக்கு நான்கு ஸ்ட்ரோக். பிஸ்டன் எவ்வளவு தூரம் போன பிறகு நீராவியை நிறுத்துகிறோமோ அந்த அளவுக்குக் கட்-ஆஃப் என்று பெயர். 75 சதவீதத்தில் நிறுத்தினால் ஒரு சுற்றுக்குச் சுமார் 215 லிட்டர் நீராவி போகும். 25 சதவீதத்தில் 72 லிட்டர். சக்கரம் 54 அங்குலம், எனவே ஒரு கிலோமீட்டருக்கு 232 சுற்று. பெருக்கிப் பாருங்கள், 50 கன மீட்டருக்கும் 17 கன மீட்டருக்கும் உள்ள வித்தியாசம்.

வேலை எவ்வளவு குறைகிறது? அடைபட்ட நீராவி விரியும்போது அழுத்தம் கன அளவுக்குத் தலைகீழாகக் குறைகிறது என்று எளிமையாக வைத்துக்கொண்டால், 75-இல் கிடைப்பது முழு ஸ்ட்ரோக் வேலையில் 97 சதவீதம். 25-இல் 60 சதவீதம். நீராவி மூன்றில் ஒன்றாகக் குறைந்தது, வேலை அப்படிக் குறையவில்லை. ஒவ்வொரு லிட்டர் நீராவியும் ஏறக்குறைய 1.85 மடங்கு வேலை செய்கிறது. இது காகிதக் கணக்கு. உண்மையில் சிலிண்டர் சுவரில் கொஞ்சம் குளிர்ந்து போகும், வெளியேறும் வழியில் எதிரழுத்தம் இருக்கும், லாபம் இதைவிடக் குறையும். ஆனாலும் நிலக்கரி வாரிப் போடுகிற ஃபயர்மேன் கைக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அப்படியானால் எப்போதும் 25-இலேயே வைக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். புறப்பட முடியாது. இரண்டு பக்கக் கிராங்கும் 90 டிகிரி விலகி இருக்கின்றன. எஞ்சின் எந்த நிலையில் நின்றிருந்தாலும் ஒரு சிலிண்டருக்காவது நல்ல தள்ளு கிடைக்க வேண்டும். கட்-ஆஃப் 50-க்குக் கீழே இருந்தால் சில நிலைகளில் இரண்டு பக்கமும் போர்ட் மூடியிருக்கும். கொதிகலனிலிருந்து நீராவியைத் திறந்து விடும் ரெகுலேட்டரை எவ்வளவு திறந்தாலும் எஞ்சின் அசையாது. அதனால்தான் கைப்பிடியை ஒரு கோடிவரை தள்ளிய நிலையில், அதாவது முழுக் கியரில் புறப்பட்டு, வேகம் பிடிக்கப் பிடிக்கக் கைப்பிடியை நடுவை நோக்கிக் கொண்டு வருவது. புறப்படும்போது காது கிழிகிற மாதிரி வரும் ஓசை கொஞ்ச தூரத்தில் மென்மையாகிவிடும் அல்லவா, எஞ்சின் சோர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. டிரைவர் கட்-ஆஃபைக் குறைத்திருக்கிறார். நீராவி நன்றாக விரிந்து, அழுத்தம் குறைந்த பிறகு வெளியே வருகிறது.

9 ஜூன், காலை 6.45

இரவு எழுதியதை மறுபடி படித்தேன். 'குறைத்துக்கொண்டே போ' என்ற மாதிரி ஒலிக்கிறது. அது முழு உண்மை இல்லை.

லிங்க்கில் எல்லாம் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. நுழைவதைச் சீக்கிரம் நிறுத்தினால் வெளியேறுவதும் சீக்கிரம் தொடங்கும், மறுபக்கம் வெளியேறும் வழி மூடுவதும் சீக்கிரம் வந்துவிடும். அங்கே மிஞ்சிய நீராவியைப் பிஸ்டன் நசுக்கும். 10, 12 சதவீதத்துக்கு இறக்கினால் போர்ட் ஒரு கீற்று மட்டுமே திறக்கும். நீராவி அதன் வழியாகப் பிதுங்கி வரும்போதே அழுத்தத்தை இழந்துவிடும். எஞ்சின் தடதடக்கும்.

'ரெகுலேட்டரை முழுசாகத் திற, கட்-ஆஃபில் கட்டுப்படுத்து' என்பது பாடம். பாரமான வண்டிக்கு அது சரி. பெட்டி குறைவான வண்டியில், நல்ல டிரைவர்கள் கட்-ஆஃபை 20 பக்கத்தில் நிறுத்திவிட்டு ரெகுலேட்டரைக் கொஞ்சம் மூடுவார்கள். இதில் டிரைவர்களுக்குள் சண்டையே நடக்கும். டிரைவர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் சாப்பாடு ஆறிப்போகும் வரை வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு கட்சியிலும் அருமையான டிரைவர்கள் இருந்தார்கள்.

9 ஜூன், இரவு 9.30

'அப்படியானால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த யாரும் யோசிக்கவில்லையா' என்று கேட்டவருக்கு: யோசித்தார்கள். ஜார்ஜ் கார்லிஸ் 1849-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய முறையில் ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு, நுழைய இரண்டு, வெளியேற இரண்டு. ஆலைகளில் ஓரிடத்தில் நின்று ஓடும் எஞ்சின்களுக்கு அருமையாகப் பொருந்தியது. ரயில் எஞ்சினுக்கு இத்தாலியர் ஆர்த்துரோ காப்ரோட்டி கேம் வைத்துத் தூக்கும் வால்வுகளைக் கொண்டு வந்தார், அது 1920-களில். நன்றாக வேலை செய்தது. விலையும் பராமரிப்பும் வேறு ரகம். சாதாரண ஷெட்டில், சாதாரண ஸ்பேனரோடு, மழையில் நின்று சரிசெய்யக் கூடியது கம்பிகளும் பின்களும்தான். அதனால் அவை கடைசிவரை நிலைத்தன.

15 ஜூன், இரவு 10.50

ஆரம்பத்தில் கேட்ட தம்பி அருங்காட்சியகத்தில் பார்த்தது ஸ்டீவன்சன் லிங்க் அல்ல. அது பெரும்பாலும் எஞ்சினின் இரண்டு பக்கச் சட்டங்களுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். வெளியே தெரிவது வால்ஷார்ட்ஸ். எகிட் வால்ஷார்ட்ஸ் பெல்ஜியத்துக்காரர், பிரஸ்ஸல்ஸில் ரயில்வே பட்டறையில் ஃபோர்மேன். காப்புரிமை 1844. அவருடைய பதவியில் இருந்தவருக்குச் சொந்தப் பெயரில் வாங்க வழியில்லாததால், ஃபிஷர் என்ற வேறொருவர் பெயரில் பதிவானது. நம் ஒய்பி, ஒய்ஜி, அகலப் பாதையின் டபிள்யூபி, டபிள்யூஜி எல்லாவற்றிலும் இதுதான்.

இதன் அழகு என்ன? வால்வுக்கு வேண்டிய அசைவை இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்திலிருந்து எடுத்தார். பிஸ்டன் கம்பியின் நுனியில் உள்ள கிராஸ்ஹெட்டிலிருந்து வரும் அசைவு லேப்பையும் லீட்டையும் மட்டும் கவனிக்கும். செங்குத்தாகத் தொங்கும் நீண்ட கம்பி, காம்பினேஷன் லிவர், அதற்குத்தான். கிராங்க் பின்னில் மாட்டிய சின்னக் கை (ரிட்டர்ன் கிராங்க்) பிரதான கிராங்குக்கு ஏறத்தாழ 90 டிகிரியில் நிற்கும். அதிலிருந்து எக்சென்ட்ரிக் ராட் என்ற கம்பி வழியாக வரும் அசைவு நடுவில் தாங்கிய வளைந்த லிங்க்கை ஆட்டும். லிங்க்கில் நழுவும் கட்டையை, காம்பினேஷன் லிவர் வரை போகும் ரேடியஸ் ராட் என்ற கம்பி பிடித்திருக்கும். கட்டை நடுவுக்குக் கீழே என்றால் ஒரு திசை, மேலே என்றால் மறு திசை. பெரும்பாலான எஞ்சின்களில் முன்னோக்குக்குக் கீழ்ப்பாதி. அச்சில் பெரிய எக்சென்ட்ரிக் தட்டுகளே வேண்டாம். எண்ணெய் விடுவதும் தேய்மானம் பார்ப்பதும் வெளியே நின்றபடியே.

இனி ஷெட் கதை ஒன்று.

ஓர் எஞ்சின் வந்தது, ஓசை நொண்டியது. இரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை ஒரே இடைவெளியில் 'சஃப்' என்று விட வேண்டும். இது மூன்றை உரக்க விட்டு நான்காவதை விழுங்கியது. எங்கள் மேஸ்திரி யார்டில் அது திரும்பி வருவதைக் கேட்டபடியே சொன்னார்: "மூணு மூச்சுதான் வருது. இது எஞ்சின் இல்லடா, ஆட்டோ." பீடியை அணைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

முதலில் டெட் சென்டர் கண்டுபிடிக்க வேண்டும், அதாவது பிஸ்டன் சரியாக முனையில் நிற்கும் இடம். கண்ணால் பார்த்தால் தெரியாது. முனைக்கு அருகில் சக்கரம் நிறையச் சுற்றினாலும் கிராஸ்ஹெட் அசையாத மாதிரியே நிற்கும். அதனால் முனைக்குக் கொஞ்சம் முன்பே கிராஸ்ஹெட்டை நிறுத்தி, அது நழுவும் கைடில் ஒரு கீறல். அதே நேரம் இரண்டு நுனியும் கூரான டிராமல் கம்பியை எஞ்சின் சட்டத்தில் ஒரு புள்ளியில் வைத்துச் சக்கர விளிம்பில் ஒரு கீறல். பிறகு கடப்பாரையால் சக்கரத்தை நெம்பி, முனையைத் தாண்டி, கிராஸ்ஹெட் திரும்பி அதே கீறலுக்கு வரும்வரை நகர்த்த வேண்டும். விளிம்பில் இரண்டாவது கீறல். இரண்டுக்கும் சரிபாதியில் மூன்றாவது. டிராமல் நுனி அந்த மூன்றாவது கீறலில் விழும்படி சக்கரத்தை நிறுத்தினால் அதுதான் உண்மையான டெட் சென்டர். விளிம்பில் சுண்ணாம்பு தடவியிருப்போம், கீறல் தெரிவதற்காக. என் கையெல்லாம் வெள்ளையும் கிரீஸும்.

அதன் பிறகு மேஸ்திரி என்னைக் கேபினுக்கு அனுப்பினார். "முழுசா முன்னாடி சுத்து. இப்ப முழுசா பின்னாடி." அவர் கீழே வால்வை நகர்த்தும் தண்டில், அதாவது வால்வு ஸ்பிண்டிலில் விரலை வைத்திருந்தார். டெட் சென்டரில் எஞ்சின் நிற்கும்போது ரிவர்சரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சுற்றினாலும் வால்ஷார்ட்ஸில் ஸ்பிண்டில் அசையக் கூடாது. லிங்க்கின் வளைவு ரேடியஸ் ராட்டின் நீளத்தையே ஆரமாகக் கொண்டது. லிங்க் நடுநிலையில் நிற்கும் அந்த ஒரு கணத்தில் கட்டை வளைவிலேயே ஏறி இறங்கும், கம்பியைத் தள்ளாது. ஸ்பிண்டில் அசைந்தது. விரலை எடுத்துவிட்டு, "எக்சென்ட்ரிக் ராட் நீளம் தப்பு" என்றார். அளந்தோம். முந்தைய பழுதுபார்ப்பில் யாரோ தவறான கம்பியை மாட்டியிருந்தார்கள். நீளத்தைச் சரிசெய்து, இரண்டு முனையிலும் லீட் ஒன்றாக வரும்படி ஸ்பிண்டில் நட்டைத் திருகி முடிக்கும்போது இருட்டிவிட்டது. மறுநாள் காலை நான்கு மூச்சும் வந்தன.

16 ஜூன், காலை 8.00

அந்தச் சோதனை ஸ்டீவன்சன் லிங்க்குக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அதில் சட்டத்தை நடுவுக்குக் கொண்டு வர வர லீட் மாறும். கம்பிகள் திறந்த அமைப்பில் இருந்தால் கூடும், குறுக்காக இருந்தால் குறையும். வால்ஷார்ட்ஸில் லீட் மாறாது. எது நல்லது என்று கேட்டால், வேகத்தில் லீட் கூடுவதை விரும்பியவர்கள் ஸ்டீவன்சனை விடவில்லை. பழுது பார்ப்பவன் கண்ணுக்கு வால்ஷார்ட்ஸ்தான்.

காதால் சோதிப்பது மெதுவாக ஓடும்போது மட்டுமே நடக்கும். ஒய்பி கிலோமீட்டருக்கு 928 முறை 'சஃப்' விடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 15. எந்தக் காதும் எண்ணாது.

23 ஜூன், மாலை 5.20

கைப்பிடியின் வடிவம் பற்றிக் கேட்டிருந்தார்கள். இரண்டு வகை. ஒன்று நீண்ட லிவர், அதன் பக்கத்தில் பற்கள் வெட்டிய வில், ஒவ்வொரு பள்ளத்திலும் பூட்டிக்கொள்ளும். மற்றது ஸ்குரூ, சக்கரத்தையோ பிடியையோ சுற்றச் சுற்ற நகரும். யார்டில் நொடிக்கொரு முறை திசை மாற்றுபவருக்கு லிவர் வேண்டும். நெடுந்தூர டிரைவருக்கு ஸ்குரூ வேண்டும், இழை இழையாக வைக்கலாம்.

லிவருக்கு ஒரு கோபம் உண்டு. பழைய தட்டை வால்வை நீராவி முழு அழுத்தத்தோடு அமுக்கிக்கொண்டிருக்கும். அந்த உராய்வின் இழுப்பெல்லாம் கம்பிகள் வழியாக லிவருக்கு வரும். ரெகுலேட்டர் திறந்திருக்கும்போது பூட்டை விடுவித்தால் லிவர் கையைப் பிடுங்கிக்கொண்டு முன்னே பாயும். தோள் இறங்கியவர்கள் உண்டு. முதலில் ரெகுலேட்டரை மூடு, அப்புறம் லிவரைத் தொடு என்று புதிதாக வருபவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

சென்னைத் தெருக்களில் நீராவி ரோடு ரோலர் ஓடியதைப் பார்த்தவர்கள் இருந்தால் நினைவுபடுத்திப் பாருங்கள். தார் ஆறுவதற்குள் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் கிளட்சும் கிடையாது, ரிவர்ஸ் பல்சக்கரமும் கிடையாது. ஒவ்வொரு கோடியிலும் டிரைவர் இழுப்பது இதே லிங்க் லிவரைத்தான். ஒற்றைச் சிலிண்டர் ரோலர் டெட் சென்டரில் நின்றுவிட்டால் பறக்கும் சக்கரத்தைக் கையால் தள்ளிக் கொடுக்க வேண்டியதுதான்.

24 ஜூன், இரவு 9.15

ஊட்டி ரயிலைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். தலைப்பிலிருந்து விலகுகிறோம், ஆனாலும் ஒதுக்க மனமில்லை.

நீலகிரியின் பழைய எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. ஒவ்வொரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர். ஒரு ஜோடி சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மற்ற ஜோடி தண்டவாளத்தின் நடுவே உள்ள பல் பட்டையைப் பிடிக்கும் பல்சக்கரத்துக்கு. கல்லாறு முதல் குன்னூர் வரை அந்தப் பட்டை. அங்கே முதல் ஜோடியில் வேலை செய்த நீராவி வெளியே போகாமல் இரண்டாவது ஜோடிக்குள் நுழைந்து மறுபடி விரிகிறது. பல்சக்கரம் இடையில் இருப்பதால் மேல் ஜோடிக் கம்பிகள் கீழ் ஜோடிக்கு எதிர்த் திசையில் சுழலும். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறுகிறவர்கள் கல்லாறு தாண்டியதும் பக்கவாட்டில் எட்டிப் பாருங்கள். ஒரே எஞ்சின், ஒரே நேரம், இரண்டு திசை. ஒவ்வொன்றுக்கும் வால்வு அசைவு அதனதன் திசைக்கு ஏற்ப அமைந்திருக்க வேண்டும். அதைக் கணக்கிட்டு வரைந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் பிரமிப்புதான்.

7 ஜூலை, காலை 7.10

இறக்கத்தில் ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கைப்பிடியை நடுவில் வைக்கலாமா என்று ஒருவர். வேண்டாம். நீராவி வராவிட்டாலும் பிஸ்டன்கள் ஓடிக்கொண்டிருக்கும், பம்ப் மாதிரி இழுக்கும். எதை இழுக்கும்? வெளியேறும் குழாய் வழியாக, புகைப் பெட்டியில் கிடக்கும் சாம்பலையும் சூட்டையும். எண்ணெய்ப் படலம் போய்ப் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிடும். கைப்பிடியைக் கொஞ்சம் முழுக் கியர் பக்கம் கொண்டு போய், ரெகுலேட்டரை ஒரு நூல் திறந்து வைத்துச் சிறிது நீராவி விட்டுக்கொண்டே இறங்குவார்கள்.

14 ஜூலை, மாலை 6.30

முதல் கேள்வி கேட்ட தம்பி பிளைவுட்டில் வால்ஷார்ட்ஸ் மாதிரி செய்கிறாராம், அளவு கேட்டுத் தனியாக எழுதினார். எல்லோருக்கும் பயன்படட்டும், இங்கேயே சொல்கிறேன்.

ஸ்ட்ரோக் 120 மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். லேப் 7, லீட் 1. கிராஸ்ஹெட் பக்கத்திலிருந்து வால்வுக்கு வர வேண்டிய மொத்த அசைவு இரண்டு மடங்கு எட்டு, 16 மில்லிமீட்டர். காம்பினேஷன் லிவரில் ரேடியஸ் ராட் துளையிலிருந்து கீழ்த் துளைக்கு 150 வைத்தால், ரேடியஸ் ராட் துளையிலிருந்து வால்வு ஸ்பிண்டில் துளைக்கு 20 வர வேண்டும். 120-ஐ 20-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் 16. நீராவி வால்வின் உள்பக்கத்திலிருந்து நுழையும் பிஸ்டன் வால்வு என்றால் ரேடியஸ் ராட் மேலே, ஸ்பிண்டில் அதற்குக் கீழே. வெளிப்பக்கத்திலிருந்து நுழையும் தட்டை வால்வு என்றால் ஸ்பிண்டில் மேலே, ரேடியஸ் ராட் கீழே. இதை மாற்றிப் போட்டால் லீட் வர வேண்டிய இடத்தில் போர்ட் மூடியிருக்கும்.

துளைகளைப் பின் இறுக்கமாக நுழையும் அளவுக்கு மட்டும் போடுங்கள். ஒவ்வொரு துளையிலும் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், ஐந்தாறு மூட்டு சேர்ந்து உங்கள் ஒரு மில்லிமீட்டர் லீட்டை விழுங்கிவிடும். லிங்க் வளைவை வரையும்போது ஆரம் ரேடியஸ் ராட்டின் நீளமேதான், துளையிலிருந்து துளைக்கு அளந்தது. முடித்ததும் டெட் சென்டரில் நிறுத்திக் கைப்பிடியை முழுதும் நகர்த்துங்கள். ஸ்பிண்டில் அசைந்தால் எக்சென்ட்ரிக் ராட்டின் துளை உள்ள நுனியை இன்னும் ஒட்டாமல் வைத்திருங்கள், படம் எடுத்துப் போடுங்கள், எந்தப் பக்கம் நீட்ட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.